மிளகாய் வறுக்க ஓரிடம்

மச்சான்,

இன்று காலை எங்கள் தூள் மில்லின் பின்பக்கத்தில், காய்ந்த செத்தல் மிளகாய் வறுக்கிற தாச்சிச் சட்டியில் விழுந்தது. மணம் எழும்பிய வேகத்தில் கொழும்புக் காலி வீதியில் போன பஸ் ஒன்று தும்மியது. சாரதி தும்மினார், நடத்துநர் தும்மினார், மிதிபலகையில் தொங்கியவர் தும்மிக்கொண்டே இறங்கி எங்கள் மில் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நீ இருந்தால், "டேய், தும்மினது ஒரு ஆள். அதுவும் தடிமன் பிடிச்சு மூக்கு ஒழுகினவன்" என்று திருத்தியிருப்பாய். திருத்த ஆளில்லாமல் என் பொய்கள் இப்போது கட்டாக்காலி மாடுகள் மாதிரி வெள்ளவத்தை முழுக்க மேய்கின்றன. அதுதான் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மில்லை நாங்கள் தொடங்கியதே வேலை முடிந்த பிறகு சும்மா இருக்கத் தெரியாததால்தான். நீ கொச்சிக்கடைப் பக்கம் பண்டகசாலையில் காலம் தள்ளியவன். நான் இன்சூரன்ஸ் விற்றவன். பிறந்த குழந்தைக்கும் விற்றேன், அதைத் தாலாட்டிய தொட்டிலுக்கும் விற்றேன். உன் மனுசி கண்ணை மூடிய பிறகு மகன் ரொறன்ரோவுக்கு வாங்கோ வாங்கோ என்று நச்சரித்தான். "மில் ஓடுமட்டும் இஞ்ச. மில் படுத்தால் அங்க" என்று நீ அவனுக்கு வாக்குக் கொடுத்தாய். அன்றிலிருந்து அந்த மெஷின் இருமினாலே எனக்கு நெஞ்சு இடிக்கும். நீ பறந்துபோனால் பின்னேரங்களில் நான் ஆரோடு சண்டை பிடிப்பது?

மில் படுக்கத்தான் தொடங்கியது. எங்களிடம் தூள் திரிக்க வந்தவர்கள் எல்லாம் பின்வளவும் புகைக்கூடும் வைத்த வீட்டுக்காரர். ஒவ்வொரு வீடாக இடித்தார்கள், வீடு இருந்த இடத்தில் வானத்தைக் குத்திப் பார்க்கிற தொடர்மாடிகள் முளைத்தன. ஆட்கள் எங்கேயும் போகவில்லை, அதே ஒழுங்கைகளில் ஐந்தாம் மாடி, எட்டாம் மாடி என்று ஏறியிருந்தார்கள். ஆனால் மில்லுக்கு வரவில்லை.

நான் இன்சூரன்ஸ் மூளையால் யோசித்தேன். பழைய ஆட்கள் போனால் புது ஆட்கள். ஒரு ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தெஹிவளை முழுவதும் சுற்றி, சோழ மன்னனின் படையெடுப்பு மாதிரி முழங்கிவிட்டு வந்தேன். அந்தப் பேரொலிக்குப் பலனாக வந்தவர் ஒரேயொருவர். ஓட்டோ வாடகைக்கு வருமா என்று கேட்டார்.

நீ சிரிக்கவில்லை. "பூமணி அக்கா ஏன் வரேல்லை?" என்று கேட்டாய்.

"பக்கெற் தூளுக்கு மாறியிருப்பா."

"அவவோ? பக்கெற் தூள் வைச்ச மேசையில இருந்தும் சாப்பிடமாட்டா. எழும்பு, போய்க் கேப்பம்."

நாங்கள் மில் தொடங்கிய கிழமையே முதல் ஆளாக மிளகாய்ப் பையோடு வந்தவ அவ. மகள் லண்டனில், தனி மனுசி, நாக்கு மட்டும் ஒரு பட்டாளத்துக்குச் சமம். கதவைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "மிளகாய் திரிக்கக் கேட்டு வந்தனீங்களெண்டால் ஒண்டும் இல்லை. தேத்தண்ணி குடிக்க வந்தனீங்களெண்டால் வாங்கோ" என்றா.

தேத்தண்ணியோடு கதையும் வந்தது. புது வீட்டுக்குக் குடிவந்த கிழமை அவ மிளகாய் வறுத்திருக்கிறா. ஜன்னல் சின்னன். புகை நடைபாதையில் இறங்கி, லிப்டில் ஏறி, எல்லா மாடிக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அபாய மணி அடித்தது. கீழே நின்ற காவற்காரன் "அக்கே, வீடு பத்திக்கொண்டதோ" என்று சிங்களத்தில் கத்தியபடி ஓடிவந்தான். பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையோடு படியிறங்கி வீதிக்கே போய்விட்டா. அன்று பின்னேரமே நிர்வாகக் குழு வந்து கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டது: இனிமேல் இந்தக் கட்டடத்தில் மிளகாய் வறுக்க வேண்டாம்.

"கறி வைக்கிறன், தம்பி. மஞ்சளா ஏதோ வருது. கறியெண்டு சொல்ல வாய் வரேல்லை" என்றா பூமணி அக்கா. அவ குரல் அப்படி இறங்கி நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

லிப்டில் இறங்கும்போது நீ சொன்னதை நான் இன்றைக்கும் மில்லுக்கு வருகிற இளம் வியாபாரிகளுக்கு என் சொந்தச் சரக்குப் போல விற்கிறேன்: "மில்லில குறையில்லையடா. மில்லுக்கு வாறதுக்கு முந்தின படியில, வறுக்க இடமில்லாமல் நிக்கினம். வந்த ஆக்களுக்கு அடுத்த கஷ்டம் என்னெண்டு பார். புது ஆள் ஆறுதலாப் பிறகு வரட்டும்."

அப்போதும் நான்தான் முந்திரிக்கொட்டையாக, "வறுத்துத் திரிச்சுக் குடுப்பம், முடிஞ்சுது அலுவல்" என்றேன். தலைமை வறுவல் அதிகாரியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். முன்வாசலில் அடுப்பை வைத்து வறுத்தேன், திரித்தேன், பூமணி அக்காவுக்கு மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தேன். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தா. கண்ணை மூடினா. திறந்தா.

"ஆர் தம்பி வறுத்தது?"

"நான்தான் அக்கா."

"சாப்பிடுற ஆக்களுக்கு இன்சூரன்ஸும் சேர்த்துக் குடுக்கிறியோ?"

மற்ற அக்காமாரும் இதே தீர்ப்புத்தான், வார்த்தைகள் இன்னும் உறைப்பு. ஒருத்திக்கு மல்லி கூட வேணும். ஒருத்திக்கு மிளகு கடைசியில்தான் விழ வேணும். ஒருத்திக்குக் கறிவேப்பிலை நொறுங்குகிற சத்தம் கேட்க வேணும். தன் வீட்டுத் தூளை இன்னொரு கை வறுப்பதென்பது, தன் பிள்ளைக்கு இன்னொருத்தி பேர் வைப்பது மாதிரி அவர்களுக்கு. தீபாவளிக்குள் மில்லுக்கு ஈயோட்டும் வேலை மட்டும்தான் மிஞ்சியது. ஒரு பின்னேரம் உன் வீட்டுக்கு வந்தபோது அலுமாரிக்கு மேலிருந்த பெரிய சூட்கேஸ் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைத் தாண்டிப்போய் உட்கார்ந்து இரண்டு பேரும் கிரிக்கெட் பற்றிக் கதைத்தோம். ஆர் வென்றது என்றுகூட எனக்கு நினைவில்லை.

அடுத்த நாள் காலமை நீ மில்லில் இருந்து பூமணி அக்காவுக்குப் போன் எடுத்தாய்.

"அக்கா, அடுப்பு எங்கட, தாச்சி எங்கட. வறுக்கிறது நீங்கள். வாறியளோ?"

"புகை போக வழி இருக்கோ?"

"இருக்கு அக்கா, நல்ல வசதி."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். பின்பக்கம் நாலு பக்கமும் சுவர். ஒரு பல்லி போவதற்கே வழியில்லை. "ஓடு, எக்சோஸ்ட் ஃபேன் ஒண்டு வாங்கு, நான் சுவரை உடைக்கிறன்" என்றாய். பண்டகசாலைப் பொறுப்பாளர், அறுபது தாண்டிய பெரிய மனுசர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சுத்தியலோடு நின்ற கோலத்தைக் கோட்டை பிடித்த தளபதிகள் பார்த்திருந்தால் வாளைக் கீழே போட்டிருப்பார்கள்.

பூமணி அக்கா வந்தா. தாச்சியைச் சுண்டிப் பார்த்தா, அடுப்பைப் பார்த்தா, எங்களை வெளியே போகச் சொன்னா. அரை மணித்தியாலத்தில் பின்பக்கமிருந்து ஒரு இருமலும் அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பும் வந்தன. அடுத்த கிழமை அவவின் கட்டடத்திலிருந்து இன்னும் மூன்று பேர், எல்லாரும் எங்கள் பழைய ஆட்கள். ஒருத்தி வறுக்கும்போது மற்றவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று நடுவில் ஒரு சீலை கட்டினோம். இரண்டு வல்லரசுகளின் எல்லையில்கூட அப்படியொரு காவல் இருந்திருக்காது.

பிறகு நாங்கள் ஒன்றும் யோசிக்கத் தேவைப்படவில்லை, கேட்டால் போதும். மிளகாய் காயவைக்க முற்றமில்லை என்றார்கள். மொட்டைமாடியில் பாய் விரித்தோம். புட்டுக்கு மா வறுக்கவும் இதே கரைச்சல் என்றார்கள். அடுத்த அடுப்பு வந்தது. பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிற தூள் பை கசியுது என்றார்கள். காற்றெடுத்து ஒட்டுகிற மெஷின் வந்தது. முன்பு மாதம் ஒருமுறை தூளுக்கு மட்டும் வந்த ஒவ்வொரு மனுசியும் இப்போது கிழமைக்கு ஒருமுறை ஏதோ ஒன்றுக்கு வந்தா. வீதியில் ஒரு பலகைகூட நாங்கள் புதிதாக மாட்டவில்லை. அதே முகங்கள், அதே வாய்கள். மில் ஓடியது. ஓடியதென்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். குதிரை மாதிரிப் பாய்ந்தது. அந்தச் சூட்கேஸ் நிறையத் தூள் பக்கெற்றுகளை அடைத்து ரொறன்ரோவுக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினாய். பெட்டி போனது. நீ போகவில்லை.

பிறகு இந்த வருசம், ஒரு காலமை, தேத்தண்ணி குடிக்க எழும்பாமலே போய்விட்டாய். உன் வீடு, உன் கட்டில், ஜன்னலுக்கு வெளியே ரயிலும் கடலும். மில் ஓடுமட்டும் இஞ்ச என்று நீ கேட்ட மாதிரியே.

மகன் வந்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அடுத்த நாள் மில்லுக்கு வந்து என் பக்கத்தில் இருந்தான். நல்ல பிள்ளை, உன்னை மாதிரியே சுற்றிவளைக்காமல் கேட்டான்.

"மாமா, அப்பாவும் இல்லை. இனி ஏன் தனியக் கஷ்டப்படுறியள்? மில்லை ஆருக்கும் குடுத்திட்டு இருங்கோவன்."

முதல் நாள் இரவு, மச்சான், நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்போதுதான் பூமணி அக்கா வந்தா. பை கையில் இல்லை. கதிரையை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு இருந்தா.

"தம்பி, என்ர வலக் கை இனி அகப்பை பிடிக்காது. டொக்டரும் சொல்லிப்போட்டார். மகள் அங்க என்ர தூள் இல்லாமல் சமைக்கமாட்டாள்." இடக் கையால் அகப்பையை என் பக்கம் தள்ளினா. "நீ வறு. நான் இதில இருந்து சொல்லுறன்."

ஒருவரையும் சீலைக்குள் எட்டிப் பார்க்க விடாத மனுசி. நான் உன் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓம் அக்கா" என்றேன்.

முதல் தாச்சி கருகியது. "உனக்கு மூக்கு இருக்கோ, இல்லாட்டி அழகுக்கு வைச்சிருக்கிறியோ?" என்றா. இரண்டாவதில் மல்லி பச்சை. மூன்றாவது தாச்சியை இறக்கியபோது குனிந்து, நீளமாக மணந்து பார்த்தா.

"ம். நாளைக்கும் வறு."

அன்றைய தூளில் ஒரு பங்கு உன் மகனோடு ரொறன்ரோவுக்குப் போனது. மில்லைப் பற்றி அவன் திரும்பக் கேட்கவில்லை. இப்போது பூமணி அக்காவோடு இன்னும் இரண்டு அக்காமார் தங்கள் வறுவலை என் கையில் தந்திருக்கிறார்கள். மூன்று வீட்டு நிறமும் எந்தக் கணத்தில் வரும் என்று என் மணிக்கட்டுக்குத் தெரியும். அது உனக்குக் கடைசிவரை தெரியாது, மச்சான். இந்த ஒன்றில் நான் உன்னை முந்திவிட்டேன்.