எதிர்க்காற்றில் முன்னால்

கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். புது ரப்பர் வாசனை போகவில்லை. புதுச் சைக்கிளின் ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பட்டையின் வாசனை அது. உங்கள் சைக்கிளின் ஹேண்டில்பாரில் உங்கள் வியர்வையும், நீங்கள் சுற்றிய கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசையும்தான் மணக்கும். நீங்கள் போன நாளிலிருந்து அதைத்தான் பிடித்து ஓட்டினேன். இனிமேல் மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

நேற்று உங்கள் தம்பி வந்திருந்தார். காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அண்ணன் சைக்கிளை ஓரங்கட்டிட்டுப் புதுசு எடுக்கப் போறீகளாமே மதினி? அண்ணன் ஞாபகமா ஓட்டுறீகன்னு ஊரே மெச்சுது."

"ஊரு மெச்சும் தம்பி. கழுத்து வலி எனக்குல்ல."

உங்கள் உயரத்துக்கு எடுத்த சைக்கிள். சீட்டை அடிவரை இறக்கியும் எட்டி எட்டித்தான் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்தால் விரல் மரத்துப்போய், நம் இலைக் கடையில் வாழை இலைக் கட்டைப் பிரிக்க முடியவில்லை. அதைச் சொன்னேன்.

"அப்பப் பேசாம விட்ருங்க. ஆடிக் காத்துல தனியா ஓட்ட உங்களால ஆகாது. அண்ணனே சொல்லுவாக."

நீங்கள் அப்படிச் சொல்லக்கூடியவர் என்பது உண்மை. அதனால் அவர் மேல் வந்த கோபத்தைவிட உங்கள் மேல்தான் அதிகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சின்னமனூரிலிருந்து கம்பம் பக்கம் கிளம்புவோம். கூடலூரிலிருந்து காற்று நேராக மூஞ்சியில் வந்து மோதும். நீங்கள் முன்னால். மகள் விட்டுப்போன கியர் சைக்கிளில் நான் பின்னால். "என் பின்சக்கரத்தை ஒட்டியே வா. காத்தை நான் வாங்கிக்கிறேன், நீ சொகுசா வா." சொகுசுதான், இல்லை என்று சொல்லவில்லை. முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். ரோட்டில் பள்ளம் வந்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையைக் கீழே நீட்டி விரலால் காட்டுவீர்கள். அதைப் பார்த்து நான் ஒதுங்குவேன். இப்படியே வருஷக்கணக்கில் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தாக்கு முழுக்க ஓட்டியிருக்கிறேன். திராட்சைத் தோட்டத்தையும் மலையையும் மற்றவர்கள்தான் பார்த்தார்கள்.

ஒரு நாள் உத்தமபாளையம் தாண்டி, என்னவோ வேகம் வந்து உங்களைத் தாண்டிப் போய்விட்டேன். "ஏய் ஆத்தா! முன்னால போக உனக்கு வராது, பின்னால வா!" என்று கத்தினீர்கள். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பின்னால் வந்துவிட்டேன். வந்திருக்கக் கூடாது.

சைக்கிள் விஷயத்தில் உங்கள் அறிவு எனக்குத் தெரியாதா? அந்த வண்டியைக் கம்பத்தில் ஒருவரிடம் பழசாகப் பேசி வாங்கி, காற்று முதுகைத் தள்ள வீடு வரைக்கும் ஓட்டி வந்து, "சும்மா பறக்குதுடி" என்று வாசலில் நின்று கூவினீர்கள். மறுநாள் காலையில் கம்பம் பக்கம் திருப்பியபோதுதான் அது பறந்த லட்சணம் தெரிந்தது. "ரெண்டு நாள்ல பழகிரும்" என்றீர்கள். கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் இன்று காலை தேனி சைக்கிள் கடையில் நான் கேட்ட முதல் கேள்வி, "காத்துக்கு எதுத்து எவ்வளவு தூரம் ஓட்டிப் பாக்க விடுவீக?" என்பது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம், உங்களுக்கு நிமிந்து உக்காந்து ஓட்டுற மாதிரி ஒண்ணு இருக்கு, அதைப் பாருங்களேன்" என்றார். குனிந்து ஓட்டுகிற வளைந்த ஹேண்டில்தான் வேண்டும் என்றேன். என் ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, "பழனிசெட்டிபட்டியோட திரும்பிருங்க" என்றார்.

திரும்பவில்லை. ஊர் முடிந்து வயல் தொடங்கியதும் காற்று பிடித்துக்கொண்டது. சைக்கிள் அளவாக இருந்தது, கை எட்டியது, கழுத்து சும்மா இருந்தது. கால்தான் நகர மாட்டேன் என்றது. நீங்கள் இல்லை என்பது எனக்கு அங்கேதான் முழுசாக உறைத்தது. வீட்டில் உங்கள் நாற்காலி காலியாகக் கிடப்பதற்குப் பழகிவிட்டேன். முன்னால் ரோடு காலியாகக் கிடப்பதற்குப் பழகவில்லை. திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உங்கள் தம்பியின் முகம் ஞாபகம் வந்தது. கியரைக் குறைத்துக் குனிந்து மிதித்தேன்.

பின்னால் கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம் விடாமல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கேரியரில் காலிச் சாக்கும் புல்லறுக்கிற அரிவாளும் வைத்து, பழைய சைக்கிளில் என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்துகொண்டிருந்தார். அவருக்கு வழிவிடலாம் என்று வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தாதீக தாயி, போங்க! உங்க பின்னால வந்தாக் காத்தே தெரியல. வீரபாண்டி வரைக்கும் இப்படியே போங்க!"

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கேட்டீர்களா? நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீரபாண்டி வரைக்கும் அப்படியே போனேன்.

திரும்பும்போது சைக்கிள் பறந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கடையில் இறங்கியதும், "இதையே குடுங்க" என்றேன். வெளியே வந்து உங்கள் தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணன் சைக்கிள் உங்க உயரத்துக்குச் சரியா இருக்கும். ஞாபகமா நீங்களே ஓட்டுங்க தம்பி. ஞாயித்துக்கிழமை வந்தா நான் முன்னால போறேன்." அவருக்கு முட்டி வலியாம்.

ஒன்றை மட்டும் உங்களிடம் மறைக்க முடியாது. வீரபாண்டிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் ஒரு பெரிய பள்ளம். நான் நினைக்கவே இல்லை, என் இடது கை தானாகக் கீழே போய் விரலால் அதைக் காட்டியது. பின்னால் வந்தவர் ஒதுங்கினார். அந்தக் கை உங்களுடையது, வைத்துக்கொள்கிறேன். சைக்கிள் என்னுடையது.