ஐந்தாம் தளமும் எங்கள் அன்பிய நாடகமும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டின் ஒலி கூட்டும் பொத்தான், இன்று மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, என் கட்டைவிரலுக்கும் அக்காவின் கட்டைவிரலுக்கும் நடந்த போரில் உயிர் நீத்தது. குறைக்கும் பொத்தான் நலம். டி.வி.யிலேயே இருந்த பொத்தான்கள் போன வருடமே போய்ச் சேர்ந்துவிட்டன. ஆகவே இனி இந்த வீட்டில் சத்தம் குறையலாம், கூடாது. அம்மா இதை நல்ல செய்தி என்கிறார்.

போருக்குக் காரணம் 'ஐந்தாம் தளம்'. டி.வி. நகைச்சுவைத் தொடர்: ஒரு மென்பொருள் கம்பெனி, அதில் ஆறு பேர், ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு. தெருவே பார்க்கிறது, ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆள் கிளாடிஸ் அக்கா. சரவணம்பட்டியில் நிஜமான மென்பொருள் கம்பெனியில் நிஜமாகவே ஐந்தாவது மாடியில் வேலை. ஆபீஸில் டெஸ்டர், வீட்டில் டேஸ்டர். இரண்டு இடத்திலும் குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம்.

"நாள் முழுக்க அங்கதான் இருந்துட்டு வாறேன். ஊட்டுலயும் அதையே பாக்கோணுமா?" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 5

எங்கள் அன்பியக் கூட்டம் இன்று எங்கள் வீட்டில். அன்பியம் என்றால் எங்கள் சர்ச்சில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு: முப்பது குடும்பம், ஒரு ஜெபமாலை, இரண்டு தட்டு முறுக்கு. செப்டம்பர் ஏழாம் தேதி பங்குத் திருவிழாக் கலைவிழாவுக்கு ஒவ்வொரு அன்பியமும் ஒரு நிகழ்ச்சி தர வேண்டுமாம். போன வருடம் நாங்கள் கோலாட்டம் ஆடி, எங்கள் கோலாலேயே எங்களை அடித்துக்கொண்டோம். இந்த வருடம் நாடகம் போடலாம், ஐ.டி. கம்பெனிக் கதை, நானே எழுதுகிறேன் என்றேன். பதினாறு வயதில் அன்பிய வரலாற்றில் இடம்.

எழுத்து, இயக்கம், நடிப்பு, கர்வம்: ஆரோன்.

ஆகஸ்ட் 9

எழுதி முடித்தாயிற்று. ஆறு பாத்திரம். ஒருவன் சிரிக்க வைப்பான், ஐந்து பேர் அவனிடம் கேள்வி கேட்பார்கள். அந்த ஒருவன் யார் என்று எழுதத் தேவையில்லை.

எதிர் வீட்டு வின்ஸ்டன் அண்ணா காலேஜ் இரண்டாம் வருடம், பேச்சு குறைவு. தன் பக்கத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

"எனக்கு நாலு தடவை 'அப்படியா சார்'னு வருது, தம்பி. வேற ஏதாச்சும் வருமா?"

நான்காவது 'அப்படியா சார்' கேள்விக்குறியோடு வருவதைச் சுட்டிக்காட்டினேன். பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று ஒத்திகை. யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அதுவும் மூன்றாவது தடவைக்குப் பிறகு வரவில்லை.

கடுப்போடு வந்து 'ஐந்தாம் தளம்' பார்த்தேன். ஒலி ஆறில் நிற்கிறது, மின்விசிறியே அதைவிடச் சத்தம். பக்கத்து வீட்டு சுப்பாத்தாள் அக்காவும் வந்திருந்தார். சர்வர் என்றால் அவருக்கு ஓட்டலில் இட்லி வைப்பவர்தான். ஆனால் எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவர்தான் சிரித்தார். வசனமே கேட்கவில்லையே, எதற்குச் சிரிக்கிறீர்கள் என்றேன்.

"அந்த ஹெட்போன் பையன் மூஞ்சியப் பாருங்க தம்பி. மேனேசரு பேசப் பேச, அவங் கண்ணு மட்டும் கதவுக்குப் போகுது. கல்யாண ஊட்டுல பந்திக்குக் காத்திருக்கறப்ப எங்கூட்டுக்காரரும் இதே மாதிரிதானுங்க."

அதன்பிறகு ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் முப்பத்தோரு சிரிப்பு. அதில் தமாஷ் சொன்னவனுக்கு விழுந்தது நான்கு. மற்றதெல்லாம் அதைக் கேட்டவன் முகத்துக்கு. எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

இன்னொன்று. அவர்களில் ஒருவருக்கும் தாங்கள் வேடிக்கையான ஆட்கள் என்பதே தெரியாது. மீட்டிங் ஏன் இவ்வளவு அதிகம் என்று மேனேஜர் உண்மையாகவே கவலைப்படுகிறார், அதைக் கேட்க ஒரு மீட்டிங் போடுகிறார். டெஸ்டர் பூஜிதா தன் பிறந்தநாள் கேக்கிலேயே ஐந்து தவறு கண்டுபிடித்து வரிசைப்படுத்துகிறாள், அதுவும் வருத்தத்தோடு. ஒருவருக்கொருவர் ஆகாது. ஆனால் நான்காம் தளத்துக்காரன் வந்து ஒரு சொல் சொல்லிவிட்டால் ஆறு பேரும் ஒரே ஆள். கடைசியில் ஒரே மேஜையில் உட்கார்ந்து அடுத்தவர் டப்பாவில் கை வைக்கிறார்கள். வேலை என்ன செய்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. புரியாதது குறையாகவும் இல்லை.

என் நாடகத்தில் ஆள் ஒருவன்தான். மீதி ஐந்தும் நாற்காலி.

ஆகஸ்ட் 12

அக்காவிடம் சரணடைந்தேன். நிஜ ஆட்களைப் பற்றிச் சொல் என்றேன். முதலில் முறைத்தாள். அப்புறம் ஆரம்பித்தாள், நிறுத்தவில்லை.

அவள் டீம் லீடர் கிருபாசங்கர், அவிநாசிக்காரர். "ஒரு சின்ன விஷயம்ங்க" என்று எழுந்து நின்றால் நாற்பது நிமிடம். பிந்து என்று ஒருவர்; அவர் டப்பாவில் சோற்றைவிட ஊறுகாய்தான் அதிகம், யாராவது பார்த்தால் மூடிவிடுவார். அக்கா கிருபாசங்கர் மாதிரியே நின்று காட்டினாள். நான் தரையில் உருண்டேன். இவள் இப்படிச் சிரித்துப் பார்த்து மூன்று மாதம் இருக்கும்.

நோட்டை மூடும்போது சும்மா கேட்டேன். அவர்கள் உன்னைப் பற்றி என்ன சொல்வார்கள்?

நின்று காட்டியவள் உட்கார்ந்தாள்.

"நான் அங்க இருக்கறதே அவியளுக்குத் தெரியுமான்னு தெரியலடா. இந்த டீமுக்கு மாத்தி மூணு மாசம் ஆச்சு. அவிய எல்லாரும் ஒரு டேபிள். நான் என்ற சீட்டுலயே சாப்பிட்டுக்கறேன். யாரும் வேண்டாங்கல. நானாப் போய் எப்படி உக்கார்றது?"

அப்புறம் சொன்னாள், டி.வி.யில் அந்த ஆறு பேரும் சேர்ந்து சாப்பிடும் இடம் வந்தால்தான் தன்னால் பார்க்க முடிவதில்லை என்று.

நான் ஏதாவது சிலேடை சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17

முழுவதும் திருத்தி எழுதினேன். எல்லாருக்கும் ஆளுக்கொரு கிறுக்கு. வின்ஸ்டன் அண்ணாவுக்கு ஒரு வசனமும் இல்லை, ஹெட்போன் மட்டும். இதுதான் தனக்குச் சரி என்கிறார். நான் டீம் லீடர். டெஸ்டராக அக்காவே நடிக்கிறாள், எப்படியோ சம்மதிக்க வைத்தோம். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டோம், மற்றதெல்லாம் அசல்.

ஆகஸ்ட் 31

நேற்றுத் திருவிழாக் கொடியேற்றம். பட்டாசுச் சத்தத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. வெளியே வெடிக்க வேண்டிய பட்டாசு மாதிரி, அது வீட்டுக்குள் வெடித்துவிட்டது.

அக்கா போனை எடுத்து அவள் டீம் குரூப்பில் ஒரு செய்தி தட்டிவிட்டேன்: 'நம்ம டீமை வெச்சு எங்க சர்ச்சுல நாடகம் போடறோம். செப்டம்பர் 7 சாயங்காலம். எல்லாரும் வந்துருங்க.' அதைப் பார்த்து அவள் பதறும் முகத்தை ஒரு நிமிடம் பார்க்கலாம், பிறகு அழித்துவிடலாம் என்று திட்டம்.

அழிக்கப் போவதற்குள் கிருபாசங்கர் பதில்: 'கண்டிப்பா வாரோம்ங்க.' கீழே ஐந்து கட்டைவிரல்.

செப்டம்பர் 1

அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"என்ற வேலைடா அது. அவியளப் பத்தி ஊட்டுல வந்து நான் கேலி பண்ணினதெல்லாம் அவிய முன்னாடியே ஆடப் போற. திங்கக்கெழம நான் எப்படிறா அந்த மாடிக்குப் போறது?"

நாடகத்தையே நிறுத்திவிடலாம் என்றேன். வின்ஸ்டன் இரண்டு வாரமாகக் கண்ணாடி முன்னால் பழகுகிறான், அவனை எதற்குக் கெடுக்க வேண்டும் என்றாள். நடிப்பாளாம். என்னோடு மட்டும் பேச மாட்டாளாம்.

ஒத்திகையில் வசனத்தை மட்டும்தான் பேசுகிறாள்.

செப்டம்பர் 7

இன்று மாலை. இரண்டாவது வரிசையில் ஆறு நாற்காலி ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம்.

செப்டம்பர் 8

வெற்றி. மாபெரும் வெற்றி. தேர்பவனியில் மூன்று பேர் என்னை நிறுத்திக் கை கொடுத்தார்கள்.

நடந்தது இது. மேடையில் நான் எழுந்து நின்று, "ஒரு சின்ன விஷயம்ங்க" என்றேன். பிறகு ஒரு நிறுத்தம். நீண்ட, கம்பீரமான நிறுத்தம். வின்ஸ்டன் அண்ணா மெதுவாக ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தார். முதல் சிரிப்பு. நான் இன்னும் நிற்கிறேன். அக்கா தன் டப்பாவைத் திறந்து, நிதானமாகச் சாப்பிடவே ஆரம்பித்துவிட்டாள். பந்தல் அதிர்ந்தது. அப்போது இரண்டாவது வரிசையில் நிஜ கிருபாசங்கர் எழுந்து நின்றார்.

"தம்பி, அடுத்து 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'னு வரோணுங்க."

பங்குச் சாமியார் சிரித்ததில் மைக் கீழே விழுந்தது. பார்வையாளரையும் நாடகத்துக்குள் இழுக்கும் இந்த உத்தியைப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு விளக்கிவிட்டேன்.

முடிந்ததும் பிந்து அக்கா நேராக கிளாடிஸிடம் வந்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"என்ற ஊறுகா டப்பா வரைக்கும் பாத்து வெச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் ஒரு நாளுகூட வந்து எங்ககூட உக்காரல?"

அக்கா, யாரும் கூப்பிடவில்லை என்றாள். நீங்கள் எப்போதும் வேலையாகவே இருந்தீர்கள், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தோம் என்றார் பிந்து அக்கா.

செப்டம்பர் 10

மதியம் அம்மா மூன்று முறை போன் செய்தும் அக்கா எடுக்கவில்லை. நான்கு மணிக்குக் கூப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். ஒன்றேகால் மணி நேரமாக.

நாளைக்குத் தக்காளிச் சாதம் கூடுதலாகக் கட்டச் சொன்னாள். என்னோடும் பேசினாள்: "டேய், ஊறுகா பாட்டில் எங்க?"

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா இன்று எங்களோடு உட்கார்ந்து 'ஐந்தாம் தளம்' பார்த்தாள். சாப்பாட்டு மேஜை வந்தபோது எழுந்து போகவில்லை. "இவிய சாப்பிடறதே பத்தாது" என்று குறை சொன்னாள்.

இடைவேளையில் கிருபாசங்கரின் செய்தி வந்தது. அவர்கள் ஆபீஸ் ஆண்டுவிழாவில் எங்கள் நாடகத்தைப் போடப் போகிறார்களாம். கூடவே ஒரு வேண்டுகோள்: 'ஆரோன் தம்பி ஒரு நாள் வந்து அந்த நிறுத்தத்தை மட்டும் எங்களுக்குச் சொல்லிக்குடுக்கோணுங்க. எவ்வளவு முயற்சி பண்ணியும் எனக்கு வரமாட்டேங்குது.'

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். வின்ஸ்டன் அண்ணாவுக்கும் தெரியும். ஒரு வாரமாக நான் அளந்து விட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருவரும் வாயே திறக்கவில்லை.

எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். நிறுத்தமும் இல்லை, உத்தியும் இல்லை. அடுத்த வசனத்தை மறந்துவிட்டேன். சுத்தமாக. வின்ஸ்டன் அண்ணா ஹெட்போனைக் கழற்றியது எனக்கு அடியெடுத்துக் கொடுக்கத்தான். அக்கா டப்பாவைத் திறந்தது கூட்டத்தின் கண்ணைத் தன் பக்கம் திருப்பி, நான் அழுதுவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான், ஒரு வாரமாக என்னோடு பேசாமல் இருந்தவள். அன்று விழுந்த சிரிப்பில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.