உட்காரக் கூடாத பலகை

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் ஆணி பிடுங்கினேன். எஸ்டேட்டில் இடித்த லயத்து வரிசை வீடுகளின் பலகைகள், கேமரன் மலை பிரிஞ்சாங்கில் டாக்டர் திலகம் வீட்டுச் சமையலறை அலமாரிகளாக மாறப்போகின்றன. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆணி எதையும் கேட்காது.

ஆனால் தச்சு வேலையில் என்னைச் சேர்த்துக்கொண்ட செல்லையா சித்தப்பா அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். "புனிதா வேல நல்லா செய்யுறா அண்ணி. ஆர்க்கிடெக்ட் ஒண்ணு கேட்டா மட்டும் கல்லு மாதிரி நிக்கிறா லா."

அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த வீடு முடிவதற்குள் நான் வாயைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் கியா பார்மில் விக்னேஸ்வரி அத்தையின் கடை. ரோட்டோரம் நின்று, போகிற கார்களைப் பார்த்து "ஸ்ட்ராபெரி! ஸ்ட்ராபெரி!" என்று கத்த வேண்டும்.

வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதற்கே மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான்.

ஜூன் 12, வியாழன்

ஆர்க்கிடெக்ட் அகிலன் கோலாலம்பூரிலிருந்து வந்தார். இந்த வீட்டை வரைந்தவரும் அவர்தான். வீடு முழுக்க ஒரே தரை. படி, வாசல்படி எதுவும் கிடையாது. தரை கூட்டும் வட்ட இயந்திரம் ஒன்று தானாகவே அறை அறையாகச் சுற்றுகிறது. மரத்தூளைத் தின்றுவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறது. என்னைவிட அதிகம் பேசுகிறது.

குவியலிலிருந்து குட்டையான தடித்த பலகை ஒன்றை அவரே எடுத்தார். "இது ஜன்னலோரம் பெஞ்சு. டாக்டர் உக்காந்து கோப்பி குடிக்க."

ஜூன் 17, செவ்வாய்

அந்தப் பலகையைத் தேய்த்துக் கழுவினேன். அழுக்குக்கு அடியில் மஞ்சள். அதன் மேல் மூன்று சிவப்புப் பொட்டு.

இது பெஞ்சுப் பலகை இல்லை. வாசல்படி! யாரோ ஒரு வீட்டு அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த வாசல்படி.

சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். "ஐயோ, இதுலயா உக்காரச் சொல்றாரு?"

"சொல்லிடுங்க சித்தப்பா."

"நானா? மரத்தக்கூடப் பாத்து வாங்கத் தெரியலன்னு நெனப்பாரு லா. நீ சொல்லு. சின்னப் பிள்ள, கோவிக்க மாட்டாரு."

நானா!

ஜூன் 18, புதன்

சொல்லவில்லை.

அகிலன் சாருக்கு மஞ்சள் மிகவும் பிடித்துவிட்டது. "கலர் சூப்பர் அங்கிள். இழைச்சிடாதீங்க. எப்படி வந்துச்சு?"

"வயசாச்சுல்ல சார்" என்றார் சித்தப்பா.

ஜூன் 21, சனி

"பெஞ்சு எங்க அங்கிள்?"

"மரம் இன்னும் காயல சார்."

"அம்பது வருசமா லயத்துல கெடந்த மரமா காயல?"

"கேமரன்ல எதுவும் காயாது சார். இவ சட்டையப் பாருங்க."

இரண்டு பேரும் என் சட்டையைப் பார்த்தார்கள். ஈரமாகத்தான் இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஆடி பிறப்பதற்கு முன் பால் காய்ச்ச வேண்டுமாம். நாளைக்கே பெஞ்சைப் பொருத்தியாக வேண்டும்.

குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். "சார், அது வாசல்படி." மூன்றே சொல். வாளியிடம் நன்றாக வருகிறது.

ஜூன் 25, புதன்



அகிலன் சார் ரொட்டி சானாயும் பருப்புக் கறியும் வாங்கி வந்தார். பலகையை இரண்டு மரத் தாங்கிகள் மேல் வைத்திருந்தோம். அவர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அதன் பக்கம் முதுகைத் திருப்பினார். குனிந்தார். சித்தப்பா கூரையைப் பார்த்தார் —

"உக்காராதீங்க!"

என் குரலா அது? சார் துள்ளிவிட்டார். பருப்புக் கறி பாதி சட்டையில், பாதி தரையில். உடனே அந்த வட்ட இயந்திரம் ஓடிவந்து, தரையில் கிடந்ததை வீடு முழுக்கப் பூசியது. ஒரே தரை அல்லவா, எங்கும் தடை இல்லை.

"பாம்பா?" என்றார் சார்.

"வாசல்படி சார். மஞ்சள், குங்குமம்... யாரோ கும்பிட்டது. அதுல உக்காரக் கூடாது."

குனிந்து மூன்று பொட்டையும் பார்த்தார். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செருப்பாலேயே அடிப்பாங்க." பிறகு என்னைப் பார்த்து, என்னைத்தான் பார்த்து, "அப்ப இத எங்க வைக்கலாம்?" என்று கேட்டார்.

"வாசல்லதான் சார். சமையலறை வாசல்ல."

அவர் தன் ஒரே தரையைப் பார்த்தார். பருப்பு, வரவேற்பறை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"சரி. டாக்டர்கிட்ட நான் பேசுறேன்."

ஜூன் 26, வியாழன்

சித்தப்பா எஸ்டேட் முழுக்கச் சொல்லிவிட்டார். அம்மா என்ன சொல்கிறார் தெரியுமா? "இவ்ளோ சத்தமா கத்துவாளா? அப்ப கியா பார்முக்கு இவதான் சரி."

வாயைத் திறக்காவிட்டாலும் ஸ்ட்ராபெரி. திறந்தாலும் ஸ்ட்ராபெரி. இது என்ன நியாயம்?

ஜூன் 27, வெள்ளி

சித்தப்பா எங்கள் வீட்டுக்கே வந்து சண்டை போட்டார். "அவள கியா பார்முக்கு அனுப்பிட்டா ஆர்க்கிடெக்ட்கிட்ட யாரு பேசுறது அண்ணி? நானா?"

அம்மா யோசிக்கிறாராம்.

ஜூலை 11, வெள்ளி

பால் பொங்கியது. டாக்டர் திலகம் வாசல்படிக்குப் புது மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, வலது காலை எடுத்து வைத்துத் தாண்டினார். அகிலன் சார் பின்னாலேயே வந்து கட்டை விரலை இடித்துக்கொண்டார். அவர் வரைந்த வீட்டில் இடித்துக்கொள்ள வேறு இடமே கிடையாது.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா இப்போது ஸ்ட்ராபெரிப் பேச்சை எடுப்பதே இல்லை. சித்தப்பா போனை என்னிடம் நீட்டினார். "டாக்டரம்மா. நீ பேசு, என் கையெல்லாம் பசை." கை சுத்தமாக இருந்தது.

"புனிதா, அந்த மெஷின் சமையலறை வாசப்படி வரைக்கும் வருது, நிக்குது, திரும்பிப் போயிடுது" என்றார் டாக்டர்.

படியை எடுக்கச் சொல்வாரோ?

"அதுகூட மிதிக்க மாட்டேங்குதும்மா!" என்று சிரித்தார். இப்போது சமையலறையை அவரே கூட்டுகிறாராம். திரிங்காப்பில் அவர் தங்கை வீட்டுக்கும் அதே மாதிரி அலமாரி செய்ய வேண்டுமாம். எப்போது வந்து அளவெடுப்பீர்கள் என்று கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை காலைல வரோம் டாக்டர்."

சித்தப்பா எதிரில் நின்று "புதன், புதன்" என்று கையாட்டினார். நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.