மரம் உங்களுக்கே

14.8.2011, செம்மண்டலம்

இன்றைக்கு ஒரு வேப்பமரம் எங்களை நன்றாக ஏமாற்றியது. மூன்று டன் விறகு தேறும் என்று அண்ணன் ராஜமாணிக்கம்தான் அந்த வேலையைக் காட்டிவிட்டான். அவனும் எங்களைப் போல மரம் வெட்டுகிற தொழில்தான். வழக்கமான பேச்சு: வெட்டுகிறதற்குக் கூலி கிடையாது, மரம் உங்களுக்கு. வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பொந்து. என் வீட்டுக்காரர் இளவரசு உச்சிவரை ஏறினார், எங்கள் கூலியாட்கள் தங்கராசும் உத்திராபதியும் நாளெல்லாம் கயிறு பிடித்தார்கள். செங்கல் சூளையில் கிடைத்தது அறுநூறு ரூபாய். பெட்ரோலும் வண்டி வாடகையும் அதைவிட ஜாஸ்தி.

மரத்தின் வயிற்றில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே விலை பேசுகிறோம்! பி.காம். படித்துவிட்டு நானும் இத்தனை நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேனே.

15.8.2011

டி.வி.யில் கொடியேற்றம். நான் நோட்டுப் புத்தகத்தோடு. ஏறுகிறவர் கூலி, கயிறு பிடிக்கிற இரண்டு பேர் கூலி, ரம்பத்துக்குப் பெட்ரோல், செயின், வண்டி, கயிறு தேய்மானம். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு லாபம். ஒரு நாள் வேலைக்கு மூவாயிரம் வருகிறது. மரத்தடியில் கரண்ட் கம்பியோ கூரையோ இருந்தால் தனி. மரம், வீட்டின் சொந்தக்காரருக்கே.

இவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மரத்தையும் குடுத்துட்டு காசையும் குடுப்பாங்களா அருளு?"

"மரத்த யாரு கேட்டா மாமா?"

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பொங்கல்வரைக்கும் என் விலை. அதற்குள் சரிப்படாவிட்டால் ரம்பத்தை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, இவர் அவனிடமே கூலிக்குப் போவார். என் புருஷன் என் அண்ணனிடம் கூலிக்கு நிற்கிறதா? நடக்கவே நடக்காது.

2.9.2011

அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜ். ஓனர் சுப்புராயன். தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் தகரக் கூரை மேல் சாய்ந்திருக்கின்றன. மரத்தை வெட்ட வேண்டாம், கிளை கழித்தால் போதும், நாலாயிரம் என்றேன். மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, இவ்ளோ வெறகு நான் தரேன், நீ என்கிட்டயே காசு கேக்குற?"

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். பஸ்ஸில்தான் அழுகை வந்தது. கொஞ்ச நேரம்தான்.

6.9.2011

லாட்ஜ் வேலையை அண்ணன் பிடித்துவிட்டானாம். காசு வேண்டாம், விறகு போதும் என்று. இருக்கட்டும்.

10.10.2011

சுப்புராயன் போன் செய்தார். அண்ணனுடைய ஆட்கள் விறகு அள்ளுகிற அவசரத்தில் கயிறே கட்டவில்லை. தடித்த கிளை தகரத்தில் விழுந்து நாலு ஷீட் போச்சு. "ஷீட்டுக்கே ஆறாயிரம் ஆச்சும்மா. மிச்சத்த நீயே பாரு." அதே நாலாயிரம்தான் என்றேன். சரி என்றார். பேரமே பேசவில்லை!

27.11.2011

இந்த மாதம் ஐந்து வேலை. போதாது. ஆனால் ஒன்றில்கூட நஷ்டம் இல்லை. இவர் மரம் ஏறும்போது இடுப்பில் கட்டப் புது பெல்ட் வாங்கியிருக்கிறார்.

31.12.2011

நேற்று விடியற்காலை புயல். உயிரோடு இருக்கிறோம். கரண்ட் இல்லை, போன் இல்லை. தெருவில் நிற்கிற மரம் ஒன்றுகூட இல்லை.

2.1.2012

இரண்டு நாளாக எங்கள் தெருவில் விழுந்த மரங்களைக் காசு வாங்காமல் வெட்டி வழி திறந்தோம். இன்றைக்கு வாசலில் கூட்டம். "அக்கா, இப்ப பத்தாயிரம் கேட்டாலும் குடுப்பாங்க" என்று உத்திராபதி காதில் சொன்னான். எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் இன்றைக்குப் பத்தாயிரம் வாங்கினால், பங்குனியில் எந்த முகத்தோடு மூவாயிரம் கேட்பேன்? அதே விலை என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன்.

7.1.2012

சூளைக்காரர்கள் விறகே வேண்டாம் என்கிறார்கள். பலா, மா, முந்திரி என்று ஊரெல்லாம் சாய்ந்து கிடக்கும்போது யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அண்ணன் வெட்டின மரம் அவன் வாசலிலேயே மலையாகக் கிடக்கிறதாம். என் நோட்டில் பதினெட்டு வீடு காத்திருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, சந்தோஷப்படுகிறோமே என்று கூச்சமாகவும் இருக்கிறது.

14.1.2012

நாளைக்குப் பொங்கல். அண்ணன் புவனகிரியிலிருந்து எனக்குப் பொங்கல் சீர் கொண்டு வந்தான். கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம். இந்த வருஷமும் குறைக்கவில்லை. காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"நம்ம மாமரம் சமையக்கட்டு மேல சாஞ்சு கெடக்கு அருளு. ஆளுங்க கூலி இல்லன்னு போய்ட்டானுங்க. தனியா கை வெக்க பயமா இருக்கு. மாப்ளய அனுப்பேன். மரத்த நீங்களே எடுத்துக்குங்க."

நோட்டை எடுத்தேன். புவனகிரிவரைக்கும் வண்டி, கீழே சமையற்கட்டு, மூன்று ஆள்.

"மூவாயிரத்து எழுநூறு ஆவும்ணா. மரம் உனக்கே."

"அண்ணங்கிட்டயுமா?"

"சீர் வாங்குறது தங்கச்சி. வெல சொல்றது கம்பெனி."

இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கயிற்றை எடுத்து வண்டியில் போட்டார். நான் அடுத்த வரியில் 'ராஜமாணிக்கம், புவனகிரி' என்று எழுதினேன். அண்ணன் குனிந்து பார்த்தான்.

"அண்ணன்னு ஒரு வார்த்த போட்டா கொறஞ்சா போயிடுவ?"

போட்டேன். விலையை மாற்றவில்லை.