நீல ஸ்வெட்டரைத் தர மாட்டேன்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் அலமாரியைத் திறந்தால் என் நீல ஸ்வெட்டரின் மடிப்பு மாறியிருக்கிறது. யாரோ கை வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் இருப்பதே நானும் இவளும்தான்.

கேட்டேன். "சும்மா பாத்தேன். அதே நீலம் இப்ப எந்தக் கடையிலயும் இல்ல" என்றாள் என் மனைவி.

மகள் பதினைந்தாம் தேதி கைக்குழந்தையோடு வருகிறாள். பேத்தியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அவளுக்காக இவள் பின்னும் போர்வையில் நீலப் பட்டை பாதியில் நிற்கிறது. கம்பளி நூல் தீர்ந்துவிட்டது. என் ஸ்வெட்டரைப் பிரித்தால் சரியாக இருக்குமாம்.

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது ஸ்வெட்டர் இல்லை. சாட்சி.

மார்ச் 4, புதன்

எதற்குச் சாட்சி என்று வயசான காலத்தில் எனக்கே மறந்துவிடக் கூடாது. எழுதி வைக்கிறேன்.

கல்யாணமான புதிதில் இவள் தம்பி சைக்கிள் கடை திறந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும், "போர்டு கோணலா இருக்கு" என்றேன். கொத்தனார் வேலை பார்த்த என் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? நம்பாதவர்களுக்காக ஏணி போட்டு ஏறி, ரசமட்டம் வைத்தும் காட்டினேன். உள்ளே இருந்த குமிழி ஒரே பக்கமாக ஓடியது.

அந்தக் குளிர்காலம் முழுக்க இவள் என்னோடு பேசவில்லை. பேசாமல் உட்கார்ந்து இந்த ஸ்வெட்டரைப் பின்னினாள். ஒவ்வொரு கண்ணியும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டது. நாற்காலியில் வைத்தால் தானாக நிமிர்ந்து உட்காரும். போட்டுக்கொண்டால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. வாயைத்தான் டம்ளருக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஏன் இப்படி என்று கேட்டால், "துவைச்சதுல சுருங்கிடுச்சு" என்பாள். இன்றுவரை அதே பதில். போர்டு கோணல் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

மார்ச் 6, வெள்ளி

போன மாதம் நான் செய்த சோதனையையும் இப்போது குற்றமாக்குகிறாள்.

பழைய பெட்டியில் கடைசியாக ஓர் உருண்டை நீல நூல் மிச்சமிருந்தது. யாரிடமும் கேட்காமல், போனில் பார்த்து நானே பின்னக் கற்றுக்கொண்டு அதில் ஒரு சதுரம் போட்டேன். (இவள் பார்த்துவிட்டு, "இது என்ன மிருகம்?" என்றாள்.) துவைத்தேன், காயப்போட்டேன், அளந்தேன். நூலளவும் சுருங்கவில்லை. ஆக, ஸ்வெட்டரைச் சுருக்கியது தண்ணீர் இல்லை, கோபம். நிரூபித்துவிட்டேன்.

"அந்த உருண்டை இருந்தாலே பட்டையை முடிச்சிருப்பேன்" என்கிறாள்.

போகட்டும், சதுரத்தைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். பிரியவில்லை. எந்த நுனியை இழுத்தாலும் இன்னும் இறுகுகிறது. உறுதியான வேலை என்றால் அப்படித்தான்.

மார்ச் 8, ஞாயிறு

பெருந்தன்மையாகவே கேட்டேன்.

"போர்டு கோணல்னு ஒரு வார்த்தை சொல்லு. ஸ்வெட்டரை எடுத்துக்கோ."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப தர மாட்டேன்."

"பச்சக் குழந்தை குளிர்ல நடுங்கட்டும்."

"மார்ச் மாசத்துல என்னடி குளிர்?"

அதோடு பேச்சு நின்றது.

மார்ச் 9, திங்கள்

பேசவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பேசவில்லை. சமையலில் உப்பும் இல்லை. கேட்க முடியாது. கேட்டால் நான் முதலில் பேசியதாக ஆகிவிடும்.

மார்ச் 11, புதன்

கையில் ஊசியோடு அலமாரிப் பக்கம் நடமாடுகிறாள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு. போட்டுக்கொண்டேன். அன்றைக்கு இருந்த வயிறு வேறு, இன்றைக்கு இருக்கிற வயிறு வேறு. வியர்த்துக் கொட்டுகிறது. முழங்கை மடங்காததால் கையெழுத்து இப்படி இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

என்னத்தச் சொல்ல! குளிக்கலாமென்று கழற்றினால், தோளுக்கு மேல் வரவில்லை. கழுத்துப் பட்டை மூக்கில் மாட்டி, இரண்டு கையும் வானத்தைப் பார்க்க, குளியலறையில் நின்றேன். கூப்பிடக் கூடாது என்று நின்றேன். அப்படியே நடந்து கதவில் முட்டினேன். அதற்கப்புறம் கூப்பிட்டேன்.

இவள் வந்து கீழே இழுத்துவிட்டாள். முகம் வெளியே வந்தது. ஸ்வெட்டர் வரவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டாள். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தார்.

"வெட்டாதீங்க! நூல் துண்டு துண்டாப் போயிடும்" என்று இவள் கத்தினாள்.

"அப்ப ஐயாவைத்தான் வெட்டணும்" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

என்னை முக்காலியில் உட்கார வைத்து, கழுத்து முடிச்சை அவிழ்த்து, இவள் நூலை இழுக்க ஆரம்பித்தாள். தையலே இல்லாத சுற்றுப் பின்னல். நூல் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. தையல்காரர் உருண்டையாகச் சுற்றினார்.

"திரும்புங்க."

"நான் என்ன ராட்டினமா?"

"ராட்டினம் பேசாது. திரும்புங்க."

தோள் வெளியே வந்தபோது, நான் கேட்காமலே சொன்னாள். "போர்டு கோணல்தான். அன்னிக்கே தெரியும்."

திரும்புவதை நிறுத்திவிட்டேன். "அப்ப ஏன்டி அந்தக் குளிர்காலம் முழுக்க..."

"தம்பி மூஞ்சி எப்படி வாடிப் போச்சு! எல்லாரும் பாத்தாங்க. நீங்க மட்டும் ஏணி மேல நின்னுக்கிட்டு குமிழியைப் பாத்தீங்க. திரும்புங்க."

திரும்பினேன். இன்னொரு தரம் சொல்லச் சொல்லியிருக்கலாம். சாட்சிக்கு வெளியாள் ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். என்னவோ, கேட்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கிறது. அலசிக் கொடியில் தொங்கவிட்டு, நேராவதற்காக அடியில் என் கரணையைக் கட்டியிருக்கிறாள். சிமென்ட் பூசின கரணை! கண்டித்தேன். முடிச்சு சரியில்லாததால் நானே அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

மார்ச் 15, ஞாயிறு

பேத்தி வந்தாள். வந்த முதல் காரியம், புதுப் போர்வையில் கக்கினாள்.

"நீலம் மட்டும் கொஞ்சம் பழசாத் தெரியுதே?" என்றாள் மகள்.

"உன் வேலையைப் பாரு" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

மார்ச் 21, சனி

எனக்கு வேறு ஸ்வெட்டர் பின்னப் போகிறாளாம். நூல் வாங்க என்னையும் இழுத்துப் போனாள். நான் சாம்பல் நிறம் என்றேன்.

"சாம்பல் போட்டா பூசாத சுவர் மாதிரி இருப்பீங்க."

"பூசாத சுவர்ல என்ன குறை?"

வாங்கியது மெரூன். பஸ் ஏறியதிலிருந்து அதைப் பற்றித்தான் சண்டை. வாய்விட்டு, விடாமல், முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. நாங்கள் இறங்க வேண்டிய இடம் எப்போது போனது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தோம். வழியெல்லாம் மெரூன்தான்.