ஒரு கூடை மண்

ஸ்ரீவராகம், 1938

முனிசிபல் மெம்பர் அவர்களுக்கு, அகமுடையாள் நமஸ்காரம்.

பொன்முடியில் கண்டிராக்டர் பங்களா சௌகரியமா?

"குளத்தைத் தூர்த்துக் கொட்டகை கட்ட விடமாட்டேன். ஒரு கூடை மண் விழாது" என்றீர்கள். அதை நம்பி, தெருப் பெண்களிடம் வோட்டுக் கேட்டேன். மண் விழவில்லை, வாஸ்தவம். கரையிலேயே சினிமாக் கொட்டகைக்கு மாடி எழுப்பி, பெண்கள் படித்துறைக்கு நேரே ஜன்னல் வைத்துவிட்டான் அந்தக் கண்டிராக்டர்.

இன்று எதிராத்து வாலாம்பாள் ஈரப்புடவையோடு ஓடிவந்து கேட்டாள்: "மாமி, இனி நாங்க எங்கே குளிக்கறது? உங்காத்துலயா?"

புறப்படும்போது, "பறஞ்ச வாக்கு மாறலையேடி" என்று சிரித்தீர்கள். எப்போது திரும்பினாலும் கதவு திறந்திருக்கும் என்று நானும் சொன்னேன். அதுவும் மாறாது. கதவு திறந்தே இருக்கும். உள்ளே நான் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்காகப் படி படியாய் ஏறி இறங்கியவள்