சதக் காசளவு கந்தப்பு

திருநெல்வேலி,
தாது வருடம் ஐப்பசி 12.

அன்புள்ள மகன் தேவராசாவுக்கு,

நல்லூர் முருகன் இன்னும் கண் மூடவில்லை, ஆகையால் இங்கே உன் ஐயா, அம்மா, தங்கச்சி நாகேஸ்வரி, சிவலைப் பசு, ஐயாவின் தம்பியும் உன் குஞ்சியப்புவுமாகிய நான் எல்லோரும் தேகசுகத்தோடு இருக்கிறோம். மலாயாவிலே ஆறாயிரம் அடி உயரத்தில் நிற்கிற நீ அவருக்கு எங்களை விடக் கிட்டவாக இருப்பதால் உன் சுகத்துக்கும் குறைவிராது என்று எண்ணுகிறேன். நிற்க, சத்தியம் செய்து சொல்கிறேன், இந்தக் கடிதத்திலே வரப்போகும் கதையை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள், நீயும் நம்பமாட்டாய், எழுதுகிற எனக்கே இரண்டு மூன்று இடங்களில் சந்தேகம் இருக்கிறது. ஆனாலும் இருந்துகொண்டு வாசி, நின்று வாசித்தால் மலையிலிருந்து உருண்டுவிடுவாய். எனக்கோ இருக்கை கொள்ளவில்லை. ஒரு வரி எழுதுவதும் வாசல் படலைவரை போய் வருவதுமாக, காலையில் தொட்ட பேனை இன்னும் இங்கேதான் நிற்கிறது. நாகேஸ்வரியின் கலியாணம் தை பதினாலு என்று நிச்சயமாகிவிட்டது. அவள் கையிலே பொரி அள்ளிப் போட வேண்டியவன் கூடப்பிறந்த நீ. மார்கழிக் கப்பலை விட்டால் வந்து சேரமாட்டாய். உன் ஐயாவோ, நீ றெயில்வேக் கிளாக்கர் உத்தியோகத்தை எறிந்துவிட்டுக் கல்லிலே படரும் பாசியை ஆராய்கிற துரையோடு மலை ஏறினாய் என்று கேட்ட நாளிலே, "உவன் என்ரை படலையைத் திறக்கவும் கூடாது, என்ரை பேரை எழுதவும் கூடாது" என்று சொன்னவர் சொன்னவர்தான், இரண்டு வருடமாக உன் பேச்சே வாயில் இல்லை. பொரி போட மாமன் மகனைப் பிடிக்கலாமாம். அம்மா அதைக் கேட்ட நாள் முதல் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்து நடந்து முற்றத்தில் ஒரு பாதையே போட்டுவிட்டா. இதுதான் எங்கள் அந்தரமும் தவிப்பும்.

இனிக் கதைக்கு வருகிறேன். நீ அனுப்பிய அச்சுத்தாள் போன மாதம் கிடைத்தது. அந்தப் பாசி இதுவரை ஒருவர் கண்ணிலும் படாத புது இனம் என்றும், அதை முதலில் கண்டவன் நீ ஆனபடியால் துரை உன் பெயரையே அதற்கு வைக்க நினைத்தார் என்றும், உத்தியோகக் கந்தோர்ப் பதிவுப் புத்தகத்திலே "தேவராசா, தகப்பன் கந்தப்பு" என்று கிடந்ததைப் பார்த்துவிட்டு, தங்கள் வழக்கப்படி கடைசியில் நிற்கிற பெயர்தான் குடும்பப் பெயர் என்று எடுத்து, ஐயாவின் பெயரை வைத்து அச்சடித்தே போட்டார் என்றும் எழுதியிருந்தாய். ஐயாவுக்கு மட்டும் காட்டிப்போடாதேயுங்கோ என்றும் கெஞ்சியிருந்தாய். என் பெயரை எழுதாதே என்றவரின் பெயரை நீ உலகம் முழுவதுக்கும் எழுதிவிட்டாய், மெத்தச் சரி. நான் உன் சொல்லைத் தட்டவில்லை. உன் ஐயாவுக்குக் காட்டவேயில்லை. திருநெல்வேலிச் சந்தைக்குத்தான் காட்டினேன். கத்தரிக்காய்க்காரியிடம் சொல்லும்போது அது மலாயா மலையிலே கந்தப்பு என்ற பெயரில் முளைக்கும் ஒரு பூண்டு. வெற்றிலைக்கடைக்குப் போய்ச் சேருமுன்னே அது மரமாகிவிட்டது. சந்தை வாசலைத் தாண்டும்போது அது காடு, உள்ளே போன யானைகள் வழி தெரியாமல் மூன்று தலைமுறையாக அங்கேயே பிள்ளை பெறுகின்றன. நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கப் பிளக்க அது தானாகவே வளர்ந்தது.

அடுத்த நாள் விடியமுன்னமே ஆட்கள் வந்துவிட்டார்கள். சம்பந்தி வாழைக்குலையோடு வந்து, "உங்கடை பேரிலை ஒரு காடாமே" என்று கேட்க, நான் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்தபடி இடி விழப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஐயா வெறும் மேலோடு நின்றவர், உள்ளே போய்ச் சால்வையைப் போட்டுக்கொண்டு வந்து, "ஓம், நானும் கேள்விப்பட்டனான்" என்றார்! அதன்பிறகு நாலு நாள் புகையிலைத் தோட்டத்துக்குக்கூடச் சால்வையோடுதான் போனார். கன்றுக்குத் தண்ணீர் இறைக்கும்போது சால்வை கிணற்றுத் துலாவிலே சிக்கித் தானும் மேலே போய் வந்தார் என்றுகூடச் சொல்கிறார்கள், சொல்கிறவன் நான்தான். ஆனால் உன் பெயர் மட்டும் வாயில் வரவில்லை. காடு தானாகவே போய்த் தன் பெயரை வைத்துக்கொண்டது போல நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, கப்பல் கந்தோரிலே மார்கழிக்கு இடம் கேட்டு வைக்கவும் கை துருதுருத்தது, கேட்டபின் அவர் மறுத்தால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் என் முன்னே வந்து நின்று, "தாளைக் கொண்டா" என்றார். லத்தீனில் இருக்கிறது அண்ணை, எங்கள் பக்கத்தில் வாசிக்க ஆளில்லை என்றேன். "குருநகரிலை ஆள் இருக்கு" என்று வண்டிலைப் பூட்டச் சொன்னார். அங்கே சந்தியோகு, உனக்குத் தெரியாதவர், முப்பது வருடமாக மாதா கோயிலில் பூசைக்கு உதவி செய்து லத்தீன் செபமெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற மனுசன். பின்னால் நின்று நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், காலைக்கூடக் காட்டினேன். பொய் சொன்னால் சுவாமியாரிடம் போய் முழங்காலில் நிற்க வேண்டும் என்று அவர் என்னைப் பார்க்கவேயில்லை. செபத்தில் தெரிந்த சொற்களைப் பிடித்துப் பிடித்து, தெரியாததைத் தாண்டித் தாண்டி வாசித்தார். நிறம் சாம்பல். தோல் தடிப்பு, வெடிப்பு விழுந்தது. பாறையிலே ஒட்டினால் ஒட்டினதுதான், நகத்தால் கிளப்ப முடியாது, உளி வைத்துக் கல்லோடு சேர்த்துத்தான் வெட்டி எடுக்க வேண்டும். வெகு மெல்ல வளரும். அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்த அவர் பெண்சாதி சிசிலியா தலை நிமிர்ந்து, "இது பாசியைப் பற்றியோ, இந்த ஐயாவைப் பற்றியோ எழுதியிருக்கு?" என்று கேட்டுப்போட்டா. எனக்குச் சிரிப்பும் வந்தது, உயிரும் போனது. உன் ஐயா சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை, அது எவ்வளவு பெரிசு என்று மட்டும் கேட்டார். சந்தியோகு தாளிலிருந்த படத்தைக் காட்டி, ஒரு சின்னச் சதக் காசளவு என்றார். அப்படியே என் காடு, யானை, யானைக்குட்டிகள் எல்லாம் குருநகர்க் கடலிலே போய் விழுந்தன.

தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு, வண்டிலில் ஏறாமல் நடந்தார். மூன்று மைல் கட்டைத் தூரம் நானும் பின்னால் நடந்தேன், வண்டில் எனக்குப் பின்னால் வெறுமையாக வந்தது. படலையடிக்கு வந்ததுதான் தாமதம், சால்வையைக் கழற்றி வானத்தை நோக்கி எறிந்தார், அது இன்றுவரை கீழே வரவில்லை. எங்கள் வளவிலுள்ள நாற்பது தென்னையும் குனிந்தன. ஊதுகிற ஆளில்லாமலே நாதசுரம் முழங்கியது. கூடிய சனத்தின் நடுவே, "என்ரை மகன் வரட்டும், அவன்தான் பொரி போடவேணும்" என்று அவர் இட்ட சத்தத்தில் காரைநகர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த இரண்டு தோணிகள் திரும்பி வந்துவிட்டன. அம்மா மயங்கி விழுந்து, எழும்பி, பலகாரத்துக்கு உழுந்து ஊறப்போட்டா.

ஆகையால் மார்கழிக் கப்பலுக்கு இன்றே இடம் பிடித்துக்கொள். மலையில் அட்டை கடித்தால் பிடுங்காதே, சுண்ணாம்பு வை. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை விடாதே. துரைக்கு என் வணக்கத்தைச் சொல்லி, அடுத்த பாசிக்குப் பரமலிங்கம் என்று என் பெயரை வைக்க விருப்பமானால் சதக் காசைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பார்க்கச் சொல். நீ நூறு வயது நோய் நொடியின்றி இருந்து, கல்லையும் மண்ணையும் கண்டுபிடித்து, எங்களையும் மறவாதிருக்க முருகன் துணை நிற்பான்.

இதை மடித்து ஒட்டப் போனேன், கை ஒத்துக்கொள்ளவில்லை. படலையடியில் நடந்ததாக எழுதியதெல்லாம் நான் கட்டியது மகனே. சால்வை உள்ளே கொடியில் கிடக்கிறது. உன்னை வரச்சொல்லி உன் ஐயா இந்த நிமிசம்வரை ஒருவருக்கும் சொல்லவில்லை, பொரிக்கு மாமன் மகன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு சின்னத் துண்டு உண்மை. குருநகரிலிருந்து வரும் வழியிலே, ஆரியகுளத்தடியில் அவர் நின்றார். என்னைத் திரும்பிப் பாராமல், "உளியாலை வெட்டேக்கை உவன் கையைக் கிய்யை வெட்டிப்போட்டானோ?" என்று கேட்டார். இல்லை அண்ணை, அப்படியொன்றும் எழுதவில்லை என்றேன். நாலு அடி நடந்து, "வடிவா, விபரமாக் கேட்டு எழுது" என்றார். அவ்வளவுதான். அதைத்தான் இப்போது கேட்டு எழுதுகிறேன். நீ பதில் எழுதாதே. கப்பலில் வந்து கையைக் காட்டு.

இப்படிக்கு,
உன்னைப் பெறாமல் வளர்த்த குஞ்சியப்பு,
பரமலிங்கம்.